கொரியன் ஸ்பைசி போர்க் ஃப்ரைடு ரைஸ்: முதல் முறை செய்பவர்களுக்கு

மேசையிலேயே கறியை வதக்கித் தரும் கொரியக் கடைகள் பலவற்றில், கறி தீரும் நேரம் சோறு வரும். கல்லில் ஒட்டியிருக்கும் சிவந்த மசாலாவில் அதைப் போட்டுக் கிளறி, அடி லேசாக முறுகும்வரை விடுவார்கள். வீட்டில் நாம் பிடிக்க வேண்டியது அந்த முறுகலைத்தான்.

இரண்டு பேருக்கு: எலும்பில்லாத பன்றிக்கறி 200 கிராம், ஆறிய சோறு 2 கப், கொச்சுஜாங் (புளிக்க வைத்த கொரிய மிளகாய் விழுது) ஒன்றரை டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், பூண்டு 4 பல், சின்னத் துண்டு இஞ்சி, வெங்காயம் பாதி, வெங்காயத்தாள் 2, முட்டை 2. கொரிய மிளகாய்த்தூள் இல்லையென்றால் காஷ்மீரி போதும். கொச்சுஜாங்குக்கு மட்டும் மாற்று தேடாதீர்கள். புளிக்க வைத்த சோயாவின் ருசி வேறு எதிலும் வராது.

1. சோறு. முந்தின நாளே கொஞ்சம் தண்ணீர் குறைத்து வடியுங்கள். தட்டில் பரப்பி, சூடு அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோறு வேண்டவே வேண்டாம். அதில் வளரும் கிருமி உண்டாக்கும் நச்சு, எவ்வளவு வதக்கினாலும் போகாது.

2. கறி. கொஞ்சம் கொழுப்புள்ள தோள்பட்டைப் பகுதி நல்லது. அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்தால் மெல்லிசாக நறுக்க வரும். சோயா சாஸ், சர்க்கரை, தட்டிய இஞ்சி பூண்டு சேர்த்துப் பிசறி 20 நிமிடம் ஊறட்டும்.

3. வதக்கல். கொச்சுஜாங்கையும் சேர்த்தே கறியை ஊறவைப்பவர்கள் உண்டு. புதிதாகச் செய்பவர்களுக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து. அந்த விழுதில் இனிப்பு இருப்பதால், கறி சிவப்பதற்குள் மசாலா கருகிக் கசந்துவிடும். அதனால் அகலமான வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, பெரிய தீயில் கறியை மட்டும் முதலில் வதக்குங்கள். கொழுப்பு உருகி, ஓரங்கள் சிவந்து, உள்ளே இளஞ்சிவப்பு போனதும் வெங்காயம். அது வாடியதும் தீயைக் குறைத்து, கொச்சுஜாங்கும் மிளகாய்த்தூளும் போட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள். எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து வரும், அதுதான் பக்குவம்.

4. முறுகல். சோற்றைக் கையால் உதிர்த்துப் போட்டு, ஒவ்வொரு பருக்கையிலும் நிறம் ஏறும்வரை கிளறுங்கள். ருசி பார்த்த பிறகே உப்பு. விழுதிலும் சாஸிலும் ஏற்கனவே இருக்கிறது. அப்புறம் கரண்டியால் சமமாக அழுத்திவிட்டு, மிதமான தீயில் இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். கை பரபரக்கும், ஆனாலும் கிளற வேண்டாம். மெல்லப் படபடவென்று சத்தம் கேட்டு, ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடி பொன்னிறமாக இருக்க வேண்டும்.

5. இறக்கும்போது. அடுப்பை அணைத்தபின் வெங்காயத்தாளும், வறுத்த எள்ளில் எடுத்த கொரிய எண்ணெய் ஒரு டீஸ்பூனும் சேருங்கள். நம் நல்லெண்ணெயில் அந்த வறுத்த வாசம் இருக்காது. கொரிய எண்ணெய் கிடைக்காவிட்டால் வெள்ளை எள்ளை வறுத்து நசுக்கித் தூவுங்கள்.

தட்டில் எடுத்து வைத்து, மஞ்சள் கரு உடையாமல் பொரித்த முட்டையை மேலே வையுங்கள். காரம் அதிகமாகத் தெரிந்தால் அந்தக் கருவை உடைத்துக் கலந்து சாப்பிடலாம். பக்கத்தில் கிம்ச்சி (புளிக்க வைத்த கொரியக் காய்கறி ஊறுகாய்) இருந்தால் போதும், வேறு எதுவும் தேவையில்லை.