மாதக் கடைசியில் படித்ததையும் பார்த்ததையும் எழுதுவது எப்படி

மாதம் 30ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, இந்த மாதம் என்னென்ன படித்தோம், என்னென்ன படம் பார்த்தோம் என்று எழுத நோட்டைத் திறந்தால் இரண்டு பெயருக்கு மேல் ஞாபகம் வராது. எனக்கு நாலு மாதம் அப்படித்தான் போனது. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை புதுச்சேரியில். போக வர பஸ்ஸிலேயே தினமும் நிறையப் படிக்கிறேன், வாரத்துக்கு ஒரு படமாவது பார்க்கிறேன், அவ்வளவும் எங்கே போகிறது என்று வருத்தமாக இருந்தது. ஐந்தாவது மாதம் ஒரு வழி பிடிபட்டது. இப்போது பதினாலு மாதமாக விடாமல் எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதை அப்படியே சொல்கிறேன்.

முதல் படி: ஒரே நோட்டு

புத்தகத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள், காரணம் கீழே வரும். சட்டைப் பையில் நுழைகிற சின்ன நோட்டு, கோடு போட்டது, போதும். புத்தகக் கணக்கு வைக்கும் செயலிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதலில் அது நட்சத்திரம் கேட்கும். நாலு நட்சத்திரம் கொடுத்ததுமே ஏதோ எழுதிவிட்ட மாதிரி மனசு அடங்கிவிடும், அப்புறம் ஒரு வரி வராது. ஃபோன்தான் கைக்கு வரும் என்றால் அதிலேயே இருக்கிற நோட்ஸ் போதும். தியேட்டரை விட்டு வெளியே வந்து வண்டி எடுப்பதற்கு முன்னால் மைக்கை அழுத்தித் தமிழில் பேசிவிடுங்கள், எழுத்தாக விழுந்துவிடும். பெயர்களை மட்டும் வீட்டுக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தேதியும் இடமும்

முடித்த தேதி, முடித்த இடம். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் தேதி இல்லாத குறிப்பு மாதக் கடைசியில் உதவாது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, கவர்னர் சொன்னது, ஊரில் பேசிக்கொண்டது எல்லாம் எந்த நாள் என்பதோடு இருப்பதால்தான் இன்றைக்கும் அதை எடுத்துப் படிக்க முடிகிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு தேதி போட்டால் போதும்.

மூன்றாம் படி: அன்றைக்கே மூன்று வரி

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கதைச் சுருக்கம் எழுதினேன். யார் யாருக்குப் பிள்ளை, யாரை யார் கட்டிக்கொண்டார்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்று பக்கம் பக்கமாக. மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் பின்னட்டையில் அச்சடித்திருப்பது போலவே இருந்தது. அதை வைத்துக்கொண்டு மேலே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கங்களில் நான் எங்குமே இல்லை.

இப்போது மூன்று வரிதான். முதல் வரி, கண்ணில் நிற்கிற ஒரே ஒரு காட்சி. இரண்டாவது, அப்போது நான் எங்கே இருந்தேன், என்ன ஆனேன். மூன்றாவது, மனசில் வந்த ஒரு கேள்வி, அதற்குப் பதில் தெரிய வேண்டும் என்று இல்லை. தூங்கப் போவதற்கு முன் எழுதிவிட வேண்டும். மறுநாள் காலையில் எழுதினால் கதை ஞாபகம் இருக்கும், காட்சி பாதி கரைந்திருக்கும்.

என் நோட்டிலிருந்து ஒரு மாதத்துக் குறிப்புகள். மூன்றும் ஜெயகாந்தன் கதைதான்: மழை ராத்திரியில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணும், அவளை எதிர்கொள்ளும் அம்மாவும்.

8ஆம் தேதி. அக்கினிப் பிரவேசம், சிறுகதை. அம்மா மகள் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். தவளக்குப்பத்தில் இறங்க வேண்டிய பாட்டி தோளைத் தட்டி, ‘ஊர் வந்துடுச்சா தம்பி’ என்றார், ஒரு நிமிஷம் எந்த ஊர் என்றே எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாவுக்கு அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது?

17ஆம் தேதி. சில நேரங்களில் சில மனிதர்கள், நாவல். அதே ராத்திரி, ஆனால் இந்த அம்மா கத்திவிட்டாள், ஊருக்கே தெரிந்துவிட்டது. வீட்டு மொட்டைமாடியில் முடித்தேன், கீழே அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம். கத்தாமல் இருந்திருந்தால்?

24ஆம் தேதி. அந்த நாவலின் படம். கங்காவைவிட அவள் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில், கரண்ட் போய் வந்ததில் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தது. அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லலாமா?

நான்காம் படி: விட்டுப்போனதைத் தேடுவது

எப்படியும் ஒன்றிரண்டு விட்டுப்போகும். டிக்கெட் குறுஞ்செய்தியைப் பாருங்கள், தேதியும் காட்சி நேரமும் அதில் இருக்கும். நெட்ஃபிளிக்ஸில் உங்கள் கணக்குக்குள் போனால் நீங்கள் பார்த்தவற்றின் பட்டியல் தேதியோடு இருக்கிறது, இறக்கிக்கொள்ளவும் முடியும். கிண்டில் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினால் மை கிளிப்பிங்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும், நீங்கள் கோடு போட்ட வரிகளெல்லாம் நாள், நேரத்தோடு அதில் கிடைக்கும். நூலகப் புத்தகம் என்றால் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் தேதி முத்திரை குத்திய சீட்டை ஒரு ஃபோட்டோ. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலந்து நூலகம் புதுச்சேரியில் பக்கத்திலேயே இருப்பதால் எனக்குப் பாதிப் புத்தகம் அங்கிருந்துதான்.

ஐந்தாம் படி: எழுதுவது

29ஆம் தேதியே உட்காருங்கள், 30 கையில் இருக்கட்டும். முதலில் மாதக் குறிப்புகளை வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டுகிற வரிகளைப் பென்சிலால் கோடு இழுத்துச் சேருங்கள். மேலே இருக்கிற மூன்று குறிப்பிலும் அம்மா இருக்கிறாள், பார்த்தீர்களா? எழுதும்போது எனக்குத் தெரியவில்லை, கோடு இழுத்தபோதுதான் தெரிந்தது. ஜெயகாந்தன் எங்கள் ஊர்க்காரர், 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். 1966இல் ஆனந்த விகடனில் வந்த அந்தச் சிறுகதையை எடுத்துக்கொண்டு, அம்மா வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் பிறகு நாவலாகவே எழுதினார். பீம்சிங் இயக்கிய படம் 1977இல் வந்தது. நோட்டு இரண்டாகப் பிரிந்திருந்தால் புத்தகம் ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் கிடந்திருக்கும். அந்த மாதம் நான் எழுதியது முழுக்க இந்த அம்மாக்களைப் பற்றித்தான், மற்ற ஆறு தலைப்புக்கும் ஆளுக்கு இரண்டு வரி. எல்லாவற்றுக்கும் சமமாக இடம் கொடுக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டதால் சேர்க்கிறேன்.

முடிவைச் சொல்லலாமா? உங்கள் நோட்டில் தாராளமாகச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குக் காட்டுகிற எழுத்தில், புதுப் படம் என்றால் வேண்டாம். நான் மேலே சொன்னது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதை, அதனால் சொன்னேன்.

டிவியில் பத்தாவது தடவை பார்த்த படத்தை எண்ணலாமா என்று பண்ருட்டியிலிருந்து ஒரு அக்கா கேட்டார். கண்டிப்பாக எண்ணுங்கள் அக்கா, பத்தாவது தடவைதான் புதுசாக ஒன்று கண்ணில் பட்டிருக்கும், அதையே முதல் வரியாகப் போடுங்கள்.

பாதியில் நின்ற புத்தகம் எந்த மாதக் கணக்கு? இது என்னையும் ரொம்ப நாள் குழப்பியது. முடித்த மாதத்தில்தான் பெயர் எழுதுவேன். அதுவரைக்கும் கடைசிப் பக்கத்தில் தலைப்பு, நின்ற பக்க எண், ஏன் நின்றது என்று ஒரு வரி. இப்போது அங்கே மூன்று இருக்கிறது. ஒன்று 112ஆம் பக்கத்தில், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூடி வைத்தது. அப்பா நன்றாக இருக்கிறார், போன வாரம் அதைத் திரும்ப எடுத்திருக்கிறேன்.