கடலூரா, வடலூரா? வாசிக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். புதிதாக வரும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்ததையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். அடிக்காதீர்கள், அடுத்த பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுதிய சொல்லை மூளை எப்படி அடையாளம் காண்கிறது என்று தெரியாததால் வரும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

## "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். பிள்ளை ஒரு சொல்லில் திணறும். உடனே பக்கத்தில் இருப்பவர், "முதல் எழுத்து என்ன? படத்தைப் பாரு, என்னவா இருக்கும்?" என்பார். பிள்ளை எதையோ சொல்லும். அது பொருந்திவிட்டால் பாராட்டும் கிடைக்கும். எழுத்தைப் பார்க்காமலே தப்பித்துவிடலாம் என்பதைத்தான் அது அப்போது கற்றுக்கொள்கிறது.

வாசிப்பே ஓர் ஊக விளையாட்டு என்று அமெரிக்காவில் கென்னத் குட்மன் என்ற கல்வி ஆய்வாளர் 1967இல் எழுதினார். அந்தக் கருத்து பல நாட்டு வகுப்பறைகளுக்குள் போய்விட்டது. கண்ணசைவை அளந்த ஆய்வுகள் அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. நன்றாக வாசிப்பவரின் கண், பெரும்பாலான சொற்களின் மேல் நின்று நின்றுதான் போகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. அதற்குள் மூளை அந்தச் சொல்லின் எழுத்துகளை ஒருசேர எடுத்துக்கொள்கிறது. இது அவ்வளவு வேகமாக நடப்பதால், சொல் முழுவதையும் ஒரே படமாகப் பார்த்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது. சூழலை வைத்து ஊகிப்பதை அதிகம் நம்பியிருப்பவர்கள் தடுமாறி வாசிப்பவர்கள்தான்.

இந்த வேலைக்கு மூளையின் இடப்பக்கத்தில், பின்புறம், அடிப்பகுதியில் ஓர் இடம் இருக்கிறது. 1892இல் பிரெஞ்சு மருத்துவர் டெஜரீன், மூளையின் அந்தப் பக்கம் பாதிக்கப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த நோயாளிக்குப் பேச்சு நன்றாக இருந்தது, எழுதவும் முடிந்தது. ஆனால் தான் எழுதியதையே அவரால் வாசிக்க முடியவில்லை. மூளை ஆய்வாளர்கள் லோரான் கோஹன், ஸ்தானிஸ்லாஸ் தெஹான் குழுவினர் 2000இல் ஸ்கேன் மூலம் அந்தப் பகுதியை இன்னும் துல்லியமாகக் காட்டினார்கள். பிறக்கும்போதே அதற்கு வாசிக்கத் தெரியாது. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துச் சேர்த்துப் பழகினால்தான் அது சொற்களுக்குத் தேறும். ஊகிக்கும் பிள்ளைக்கு இந்தப் பழக்கமே கிடைப்பதில்லை.

பாடப் புத்தகத்தை மடமடவென்று வாசிக்கும் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எங்களிடம் வந்தான். நன்றாக வாசிக்கிறான் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வெறும் தாளில் வடலூர், கூடலூர் என்று எழுதிக் காட்டினேன். இரண்டையும் கடலூர் என்றான், கொஞ்சமும் தயங்காமல். புத்தகத்தில் அவன் வாசித்ததெல்லாம் படமும் மனப்பாடமும்தான். அந்தப் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்கில் ஆயிற்று. முதல் வகுப்பிலேயே கவனித்திருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கும்.

தமிழில் இதற்கு விலை இன்னும் அதிகம். யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் சொல்லின் கடைசியில்தான் இருக்கிறது. போனான், போனாள், போனால், போனாலும். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியைத் தானாகப் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குக் கதையே மாறிவிடும்.

சரி, என்ன செய்வது? படத்தைக் கையால் மூடுங்கள். கடைசி எழுத்துவரை கூட்டிச் சொல்லும்வரை காத்திருங்கள். அப்புறம் படத்தைத் திறந்து காட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் இல்லாத ஊரை எழுதிக் கொடுங்கள்: மிடலூர், தடாலூர். கூட்டத் தெரிந்த பிள்ளை சிரித்துக்கொண்டே வாசித்துவிடும். ஊகிக்கும் பிள்ளை கடலூர் என்றே சொல்லும்.

## அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்புவது

முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படிக் கலைந்திருந்தாலும் மூளை வாசித்துவிடும், கேம்பிரிட்ஜ் ஆய்வு சொல்கிறது என்று ஒரு செய்தி 2003 முதல் சுற்றுகிறது. அப்படி ஓர் ஆய்வு கேம்பிரிட்ஜில் நடக்கவில்லை. வாசிக்கும்போது கண் அசைவதை ஆராய்ந்த கீத் ரேனர் குழுவினர் 2006இல் ஆங்கிலத்தில் அளந்து பார்த்தார்கள். நடு எழுத்துகளை இடம் மாற்றினாலே வாசிக்கும் வேகம் 11 சதவீதம் குறைந்தது. தொடக்க எழுத்துகளை மாற்றியபோது 36 சதவீதம் குறைந்தது. தமிழில் நீங்களே சோதித்துப் பாருங்கள்: "தேட்டினாபவம்னம்". முதலும் கடைசியும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் தேவனாம்பட்டினத்தில் வீடு இருப்பவருக்கும் இது சட்டென்று பிடிபடாது.

## 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருப்பது

வேண்டாம். ட, ப, ம, அவற்றின் மேல் புள்ளி. இவ்வளவு தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிக்கலாம். சொல்லாகப் பார்த்தால்தான் எழுத்தும் மனதில் நிற்கும்.

## "கொம்பு, க, கால்" என்று வாசிக்க வைப்பது

எழுதச் சொல்லிக் கொடுக்கும்போது இது சரி. வாசிக்கும்போது இது பிள்ளையைக் குழப்பும். "கொ"வில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது ககரம். கண்ணின் வரிசையும் ஒலியின் வரிசையும் இங்கே ஒன்றாக இல்லை. கொடி, கொக்கு, கொசு என்று அடுத்தடுத்து எழுதி, "கொ" முழுவதையும் ஒரே வடிவமாகப் பழக்குங்கள்.

## விரல் வைத்து வாசித்தால் தட்டிவிடுவது

வைக்கட்டும். தேவைப்படாதபோது தானே எடுத்துவிடும்.

## "திரும்பிப் போகாதே" என்று அதட்டுவது

ஆங்கிலம் நன்கு வாசிக்கும் பெரியவர்களின் கண்ணே, ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் 100 தாவலில் 10 முதல் 15 முறை பின்னால் போகிறது.

## எழுத்துக் கூட்ட வந்ததும் கதை வாசித்துக் காட்டுவதை நிறுத்துவது

பிள்ளை வ-ந்-த-து என்று சரியாகக் கூட்டிவிட்டு விழிக்கும். வீட்டில் அது கேட்டுப் பழகியது "வந்துச்சு". கூட்டிய ஒலி, காதுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல்லில் போய்ச் சேர்ந்தால்தான் பொருள் வரும். புத்தகத் தமிழ் பல வீடுகளில் காதில் விழுவதே இல்லை. அதனால் வகுப்பு முடியும் முன் பத்து நிமிடமாவது நீங்கள் வாசியுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். பேச்சு வழக்குக்கு மாற்றாமல், அச்சில் இருப்பதை அப்படியே வாசியுங்கள்.