லைட்ட நம்பாதீங்க, வால்வ போய் பாருங்க

தெலுக் இந்தான் பக்கத்துல ஒரு செம்பனை மில்லுல ரொம்ப வருசம் பாய்லர் பாத்தவன் நான், இப்ப நம்ம தோட்டத்து பையனுங்க நாலஞ்சு பேரு அந்த வேலைக்கு சேந்துருக்காங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். உதாரணம் எல்லாம் அணுமின் நிலையத்துலேர்ந்து எடுத்துருக்கேன். நம்ம மலேசியாவுல அது கிடையாது, பாங்கியில 1982லேர்ந்து ஒரு ஆராய்ச்சி ரியாக்டர் (அணு உலை) மட்டும் இருக்கு. ஆனா அணுமின் நிலையத்துலயும் தண்ணிய ஆவியாக்கி டர்பைன சுத்துறதுதான் வேலை, நாம செம்பனைப் பழத்து நாரும் (ஃபைபர்) கொட்டை ஓடும் (ஷெல்) எரிக்கிறோம், அவங்களுக்கு யுரேனியம். தப்பு நடந்தா அவங்க தோண்டித் துருவி எழுதி வைக்கிறாங்க, நாம அத படிச்சிக்கலாம்.

ரியாக்டர நிறுத்துன அந்த நொடியிலயும் முழு சக்தில 6, 7 சதவீத சூடு வந்துகிட்டே இருக்கும், அதனால நிறுத்துன பிறகும் தண்ணி போயே ஆகணும். நம்ம ஃபர்னஸும் சும்மா இல்ல, கரண்டு போயி ஃபேன் நின்னாலும் உள்ள கெடக்குற நெருப்பும் சுட்ட செங்கல்லும் கொஞ்ச நேரம் ஆவிய கெளப்பிகிட்டேதான் இருக்கும்.

1979 மார்ச் 28, அமெரிக்காவுல திரீ மைல் ஐலண்டு. விடியகாலை 4 மணிக்கு மெயின் ஃபீட் பம்பு நின்னு போச்சி, ஸ்டான்பை பம்பு தானா ஓடுச்சி, ஆனா தண்ணி போகல, ஏன்னா வழியில வால்வு ரெண்டும் மூடியே கெடந்துருக்கு, அத காட்டுற லைட்டுல ஒன்ன ரிப்பேர் டேக் ஒன்னு தொங்கி மறைச்சிருச்சி, கண்டுபிடிக்க 8 நிமிசம் ஆச்சி. அத விட மோசம், பிரஷர் எறக்குற வால்வு தெறந்தபடியே மாட்டிகிச்சி. பேனல் லைட்டு மூடிருச்சுன்னு காட்டுது, ஆனா அந்த லைட்டு சொன்னது மூடச் சொல்லி சிக்னல் போச்சுங்கறத மட்டும்தான். 2 மணி நேரத்துக்கு மேல தண்ணி வெளிய போயி, உள்ள எரிபொருள்ல பாதி உருகிருச்சி.

அதனால ரிப்பேரோ டெஸ்டோ முடிஞ்சா, வால்வ ஒருத்தர் தெறக்கணும், இன்னொருத்தர் தனியா போய் வால்வு வீல கையால தொட்டு பாக்கணும், ரெண்டு பேரும் சேந்து போனா அது செக்கிங் இல்ல. டேக்க லைட்டு மேல தொங்க விடாதீங்க.

கேஜ் கிளாஸ, அதாவது பாய்லர்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு காட்டுற கண்ணாடிக் குழாய, ஒவ்வொரு சிஃப்டும் ஊதிப் பாருங்க. மொதல்ல தண்ணி வர்ற வால்வ மூடி, அடியில வெளியேத்துற டிரெய்ன் வால்வ தெறங்க, ஆவி பலமா வரணும். அப்புறம் ஆவி வர்ற வால்வ மூடி தண்ணி வால்வ தெறங்க, தண்ணி பலமா வரணும். கடைசில டிரெய்ன் வால்வ மூடி ஆவி வால்வ தெறந்தா தண்ணி டக்குனு ஏறணும், மெதுவா ஏறுனா வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம். எனக்கு ஒரு தடவ பேனல்ல பாய்லர் டிரம்முல பாதி தண்ணி இருக்குன்னு காட்டுச்சி, கிளாஸ ஊதிட்டு பாத்தா அடியில கொஞ்சூண்டுதான் தண்ணி, இன்னிக்கி நெனச்சாலும் வயிறு கலங்குது. கிளாஸுல தண்ணியே தெரியலன்னா பதறிப் போய் பம்ப போடாதீங்க, தீய நிறுத்துங்க, ஃபேன நிறுத்துங்க, என்ஜினியர கூப்புடுங்க.

ஸ்டான்பை பம்ப வாரம் ஒரு தடவ ஓட்டுங்க, சத்தம் கேட்டா மட்டும் போதாது, அதுலயே பாய்லருக்கு தண்ணி குடுத்து பாக்கணும். அது எங்க நிக்குதுன்னும் பாருங்க. 2011ல புகுஷிமாவுல ஜெனரேட்டர் பலது கட்டடத்து அடித்தளத்துல இருந்துச்சி, சுனாமி தண்ணி ஒரே நேரத்துல அதுல பலத முழுக்கிருச்சி. நம்ம ஊருல வெள்ளம் புதுசா என்ன? ரெண்டு பம்பு இருந்தும் ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச்போர்டு, அதுவும் தரையோட தரையா இருந்தா அது ஒரு பம்புதான்.

ஒரே ரிப்பேர் திரும்பத் திரும்ப வந்தா சும்மா மாத்திட்டு போகாதீங்க. ஒஹையோவுல டேவிஸ் பெஸ்ஸி நிலையத்துல காத்து ஃபில்டர் துரு கலர்ல அடைச்சுகிட்டே இருந்துச்சி, மாத்திகிட்டே இருந்தாங்க. 2002ல பாத்தா ரியாக்டர் மூடில 16 சென்டிமீட்டருக்கு மேல இருந்த இரும்ப ஆசிட் தின்னுருச்சி, மிச்சம் ஒரு சென்டிமீட்டர் கனம் கூட இல்லாத உள் தகடு மட்டும்தான் பிரஷர தாங்கிகிட்டு இருந்துச்சி.

ஸ்டெரிலைசர் (பழத்த ஆவில வேக வைக்கிற கலன்) கதவுல, உள்ள பிரஷர் இருக்கறப்ப தெறக்க விடாம தடுக்குற இன்டர்லாக்க வயர் போட்டு ஏமாத்தாதீங்க, யாரு சொன்னாலும் சரி.

அதே டேவிஸ் பெஸ்ஸில 1977லயே அந்த மாதிரி பிரஷர் எறக்குற வால்வு தெறந்தபடி மாட்டிகிச்சி, அந்த சேதி திரீ மைல் ஐலண்டு சிஃப்ட் ஆளுங்ககிட்ட போய் சேரல. அதான் லோக்புக்குல எல்லாம் ஓகேன்னு எழுதாதீங்கன்னு கெஞ்சி கேக்குறேன், எந்த வால்வ தொட்டீங்க, எத்தன மணிக்கு, இப்ப தெறந்துருக்கா மூடிருக்கான்னு எழுதி, அடுத்த ஆள கூட்டிட்டு போய் காட்டிட்டு அப்புறம் வீட்டுக்கு போக மோட்டார் சைக்கிள எடுங்க.