"கண்ணு, வலிக்கு நாலு மாத்திரை கொடு"

கோபிசெட்டிபாளையத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். தை, மாசியில் மஞ்சள் வெட்டு தொடங்கிவிட்டால் கடையில் இந்தக் குரல் ஓயாது. நான் உடனே எடுத்து நீட்டுவதில்லை. "ஆத்தா, பிரஷருக்கு என்னங்க மாத்திரை?" என்பேன். இடுப்புவலிக்கு வந்தால் பிரஷர் விசாரணை எதற்கு என்று முகம் சுளிப்பார்கள்.

காரணம் சிறுநீரகம். அதன் வடிகட்டியை நம் தடப்பள்ளி வாய்க்காலாக நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் நின்றால்தான் வயல்மடையில் தண்ணீர் ஏறும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் தலைமதகை இறக்கிவிடும். உள்ளே வரும் ரத்தக்குழாய் சுருங்கும். டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் வெளியேறும் குழாயை விரிக்கும். அது கடைமடையைத் திறப்பது. நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் வாய்க்காலுக்கு வரும் தண்ணீரே குறைந்துபோகும். தனித்தனியே மூன்றும் நல்ல மருந்துகள்தான். சேர்ந்தால் மட்டம் விழுந்துவிடும். என் அப்பாவுக்கே, சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் என்னும் கழிவு 2.4 வரை ஏறியது. கல்யாணத்துக்குப் போன ஊரில் யாரோ கொடுத்த வலி மாத்திரையை, மருந்துக்கடை வைத்திருக்கும் என்னிடம் மூச்சுவிடாமல் பத்து நாள் விழுங்கியிருக்கிறார்!

ஆகவே, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டுப் பெரியவர் சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக. நாட்டு மருந்தும் ஊசியும் அதில் வர வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும்; அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த இரண்டு மருந்துகள் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் புரோப்ரனலால், மூச்சுக்குழாயில் மருந்து உட்காரும் இடங்களான ஏற்பிகளில் டவுன் பஸ்ஸில் துண்டு போடுவதுபோல் இடம் பிடித்துவிடும். ஆஸ்துமாக்காரர் சால்பியூட்டமால் பஃப் இழுத்தால், அந்த மருந்து உட்கார இடமின்றி நிற்கும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் பக்கமே போகக் கூடாது. இரண்டும் ரத்தக்குழாயை விரிப்பவை, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், காதோடு சொன்னால் போதும்.

சில சண்டைகள் வயிற்றிலேயே முடிந்துவிடும். தைராய்டு மாத்திரையோடு கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், கீரை அதன் வேகத்தைக் குறைக்கும் என்று முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும், மறுவாரம் துளியும் இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாக உண்ண வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாளை டாக்டரிடம் காட்டுங்கள்.

அட்டையில் மாத்திரையைப் பிரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் அச்சான ஓரத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். மஞ்சப் பையிலிருந்து பெயரில்லாத ஒற்றை மாத்திரையை எடுத்து, "இது எதுக்கு கண்ணு?" என்று கேட்டால் நானும் விழிக்கத்தான் வேண்டும்.