மறுசீரமைக்கப்பட்ட பழைய படத்துக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

பழைய படம் ஒன்று ப்ளூ-ரே வட்டாக வெளிவரும்போது, அதன் கதையைப் பற்றியும் நடிப்பைப் பற்றியும் ஏற்கெனவே பலர் எழுதியிருப்பார்கள். வட்டில் உள்ள படம் அன்று திரையரங்கில் ஓடிய படத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதே வாசகருக்குப் புதிய செய்தி. அப்பு என்பவனின் வாழ்க்கையைச் சொல்லும் சத்யஜித் ராயின் மூன்று படங்களையும், பழைய படங்களை வட்டுகளாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட தொகுப்பைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

படி 1: மூலப்பிரதியைப் பற்றிப் படியுங்கள்

1993இல் லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் இப்படங்களின் மூல நெகட்டிவ்கள் (படப்பிடிப்பின்போது கேமராவில் ஓடிய பிலிம்கள்) கருகின. எஞ்சியவற்றை ஆஸ்கார் அகாடமியின் காப்பகம் பாதுகாத்து வைத்திருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் பொலோனியா நகர வல்லுநர்கள், மொரமொரப்பாகிவிட்ட அந்தச் சுருள்களுக்கு மீண்டும் ஈரப்பதம் ஏற்றி, உருகி ஒட்டியிருந்த பசையையும் மெழுகையும் நீக்கி, ஓரத்துளைகளைக் கையாலேயே சீர்செய்தார்கள். அப்படியும் மூன்றில் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறக்குறைய 40 சதவீதத்தை மட்டுமே மூல நெகட்டிவிலிருந்து எடுக்க முடிந்தது. மீதி வேறு பிரதிகளிலிருந்து வந்தது. இது தெரியாமல், சில காட்சிகள் சற்று மங்கலாக இருப்பதை வட்டின் குறையென்று எழுதினால், அந்த உழைப்புக்கு அநீதி இழைத்தவர்களாவோம்.

படி 2: தொலைக்காட்சியைச் சரிசெய்யுங்கள்

சினிமா மோடுக்கு மாற்றி, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்து, ஷார்ப்னஸைக் குறையுங்கள். இப்படங்கள் 1.37:1 என்ற அகல-உயர விகிதத்தில் எடுக்கப்பட்டவை என்பதால் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் தெரிவதே முறை. திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுக்காதீர்கள்.

படி 3: சில காட்சிகளை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள்

‘பதேர் பாஞ்சாலி’யில் அப்புவும் அவன் அக்கா துர்காவும் ரயிலைப் பார்க்கும் காட்சி இதற்கு மிகப் பொருத்தமானது. வெண்மையான நாணல் பூக்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டனவா? ரயிலின் கரும்புகையில் சாம்பல் நிறத்தின் பல அடுக்குகள் தெரிகின்றனவா? பிறகு முகங்களின் அண்மைக் காட்சிகளுக்கு வாருங்கள். அங்கே மெல்லிய துகள்கள் அசைந்துகொண்டிருந்தால், அது பிலிமின் இயல்பு. துகள்களை அளவுக்கு மீறித் துடைத்த பதிப்புகளில் முகம் மெழுகு பொம்மைபோல் ஆகிவிடும். கீறல் ஒன்றுகூட இல்லாத அத்தகைய பதிப்பைவிட, நாலைந்து கீறல்களுடன் தோலின் தன்மையைக் காட்டும் பதிப்பையே நான் உயர்வாக மதிப்பேன்.

படி 4: ஒலியைத் தனியாகக் கேளுங்கள்

அதே படத்தில், துர்கா இறந்தது தெரியாமல் அவளுக்காக வாங்கிய சேலையை அப்பா ஹரிஹர் எடுத்துக் காட்டும்போது அம்மா சர்வஜயா கதறி அழுகிறாள். அந்த அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை, அதன் இடத்தில் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியத்தின் உச்ச ஸ்வரம் ஒலிக்கிறது. இரைச்சலை நீக்குகிறோம் என்று உயர் ஒலிகளையும் சேர்த்து வெட்டியிருந்தால், அந்த ஸ்வரம் மழுங்கி, காட்சியே வலுவிழந்துவிடும். ஹெட்போனில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

படி 5: எழுதுங்கள்

முதல் பத்தியில் மூலப்பிரதியின் வரலாறு, அடுத்து காட்சித் தரம், பிறகு ஒலி, கடைசியில் சப்டைட்டிலும் கூடுதல் இணைப்புகளும் என்ற வரிசை வசதியானது. குறையோ நிறையோ, அது வரும் நிமிடத்தைக் குறிப்பிடுங்கள். மதிப்பெண் கொடுப்பதானால் படத்துக்கு ஒன்று, வட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கொடுங்கள்.