ஜாப் ஒர்க் யூனிட் ஓனரின் நேரம் எங்கே போகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் முப்பது நாற்பது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (வேறு கம்பெனி தரும் துணியைக் கூலிக்குத் தைப்பது) செய்து கொடுக்கும் ஓனர், காலை எட்டரை ஷிப்டுக்கு முன்பே யூனிட்டில் இருப்பார். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஷட்டர் இறங்கும். "நேரமே பத்தலைங்க" என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் கூடவே இருந்து கவனித்தால், அவர் செய்யும் வேலையைவிட அவருடைய பதிலுக்காகக் காத்துக் கிடக்கும் வேலை அதிகம் என்பது தெரியும். நூல் தீர்ந்துவிட்டது, ஊசி வாங்க வேண்டும், லேபிள் எந்தப் பக்கம் வரும், டெய்லர் ஒருவர் அரை நாள் லீவு கேட்கிறார்... எல்லாமே ஓனரின் போனுக்குத்தான் வருகிறது.

இதுதான் பெரிய தவறு. "சூப்பர்வைசர்கிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டேன்" என்பார்கள். ஒப்படைத்தது வேலையை மட்டும். முடிவெடுக்கும் உரிமை இன்னும் ஓனர் கையிலேயே இருக்கிறது. உதாரணத்துக்கு, இரண்டாயிரம் ரூபாய் வரை கேட்காமலே செலவு செய்யலாம், மாலையில் பில் வைத்தால் போதும் என்று ஒரு வரம்பு சொல்லிவிடுங்கள். தொகை உங்கள் யூனிட்டின் அளவைப் பொறுத்தது. அவர் ஒரு முறை தப்பாக வாங்கிவிட்டால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஆட்கள் முன்னால் சத்தம் போட்டால், மறுநாளிலிருந்து ஒரு ஊசிக்குக்கூட உங்களுக்குத்தான் போன் வரும்.

தையல் சம்பந்தமான கேள்விகள் வேறு வகை. மெர்ச்சண்டைசர் (வேலை கொடுத்த கம்பெனியில் ஆர்டரைக் கவனிப்பவர்) அனுப்பும் மாற்றங்கள் ஓனரின் வாட்ஸ்அப்பிலேயே தங்கிவிடுவதால்தான் அவற்றில் பாதி எழுகின்றன. அப்ரூவ் ஆன சாம்பிள் பீஸையும் அளவு சார்ட்டையும் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் லைனிலேயே தொங்கவிடுங்கள். புதிதாக மாற்றம் வந்தால் அதே சார்ட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் திருத்தும் ஆல்டர் வேலையில் போகும் நேரமும் குறையும்.

இதைவிட ஆழமாகப் போகும் இன்னொரு தவறு, வரும் ஆர்டரையெல்லாம் ஒப்புக்கொள்வது. நேரம் போதாமல் திணறும் பலரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். அந்த ஸ்டைல் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறங்கும் என்று கணக்குப் போடாமல் டெலிவரி தேதி சொல்லிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 800 பீஸ் தைக்கும் லைனில் 8,000 பீஸ் ஆர்டர் பத்து நாளில் முடியும் என்பது காகிதக் கணக்கு. புது ஸ்டைல் என்றால் கை பழகும் வரை முதல் ஓரிரு நாள் அந்த அளவு வராது. சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வருவதும் இந்தத் தொழிலில் புதிதல்ல. அந்த நாட்களுக்கு முதலிலேயே இடம் விட்டுத் தேதி சொல்ல வேண்டும். விடாவிட்டால் கடைசி வாரம் முழுக்க நைட் ஷிப்ட், மறுபடி செக்கிங், லாரிக்கு அலைச்சல் என்று போகும். கமிட் செய்த ஆர்டர்களைத் தேதிவாரியாகச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டால், போனில் தேதி கேட்கும்போது அதைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.

அப்புறம், அரசுத் தேதிகளைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 (நீங்கள் போட்ட பில்களின் விவரம்) அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்கக் கணக்கு) 20-ஆம் தேதிக்குள். பிஎஃப், இஎஸ்ஐ 15-ஆம் தேதிக்குள். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் பொதுவாக 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 3பி தாமதமானால், வரி கட்ட வேண்டியவருக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் உண்டு. ஆனால் ஜாப் ஒர்க் செய்பவருக்கு நேரத்தை அதிகம் தின்பது 11-ஆம் தேதியைத் தவறவிடுவதுதான். நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1-ஐ வைத்து, வேலை கொடுத்தவரின் வரி வரவுப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி 14-ஆம் தேதி உருவாகிறது. உங்கள் பில் அதில் ஏறவில்லை என்றால், வேலை கொடுத்த கம்பெனிக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி வரவு (உங்கள் பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது. அவர்களின் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் உங்கள் பணத்தை நிறுத்தி வைப்பார்கள். அதை விடுவிக்க நீங்கள் அலையும் நேரம், பில்களை 5-ஆம் தேதியே ஆடிட்டரிடம் கொடுக்க ஆகும் நேரத்தைவிடப் பல மடங்கு.

வசூலுக்கென்று நேரம் ஒதுக்காமல் இருப்பதும் அப்படித்தான். வாரத்தில் ஒரு நாள் காலை, பாக்கிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பேசுங்கள். குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால் சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை, அதைக் கொடுக்கும் ஆண்டு வரை வாங்குபவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. மார்ச் மாதம் இதை நினைவூட்டுங்கள், பலன் இருக்கும்.

சம்பளக் கணக்கையும் சனிக்கிழமை மதியம் வரை விடாதீர்கள். பீஸ் ரேட் எண்ணிக்கையை வெள்ளி மாலையே டெய்லரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டால் சனி மாலை வாக்குவாதம் வராது. நூல், ஜிப், அட்டைப்பெட்டிக்காரர்களுக்கும் பணம் தர வாரத்தில் ஒரு நாள் என்று சொல்லிவிட்டால் தினமும் யாராவது வந்து காத்திருக்கும் நிலை மாறும்.

சில வேலைகளை மட்டும் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அடுத்தவரிடம் விடக் கூடாது. புது ஸ்டைலுக்கு ரேட் பேசுவது, லைனில் முதலில் இறங்கும் பீஸைக் கையில் எடுத்து அளந்து பார்ப்பது, பேங்க் ஓடிபி, இந்த மூன்றும் ஓனரிடமே இருக்கட்டும்.