வாரண்டியில் லேப்டாப் பேட்டரியை மாற்றி வாங்குவது எப்படி

லேப்டாப் வாங்கி ஆறேழு மாதத்திலேயே சார்ஜ் நிற்கவில்லை என்றால் முதலில் பில்லைத் தேடி எடுங்கள். லேப்டாப்புக்கு மூன்று வருட வாரண்டி இருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான், தள்ளிப்போடாதீர்கள்.

சர்வீஸ் சென்டரில் வாயால் சொன்னால் எடுபடாது, ஆதாரம் வேண்டும். விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்டைத் (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) திறந்து 'பவர்சிஎஃப்ஜி', ஒரு இடைவெளி, சாய்வுக்கோடு (/), அதை ஒட்டியே 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு ஃபைல் உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது முழுசாக ஏறும் அளவு) 22,000 என்பதுபோல் இருந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். சைக்கிள் கவுண்ட், அதாவது பேட்டரி எத்தனை முறை முழு அளவு சார்ஜ் ஆகித் தீர்ந்தது என்ற கணக்கு, குறைவாக இருந்தால் அதையும் காட்டுங்கள், ஏனென்றால் "நாளடைவில் தேய்வது சகஜம்" என்றுதான் முதலில் மறுப்பார்கள்.

பேட்டரி உப்பி டச்பேட் மேலே தூக்கியிருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். உடனே அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கலாம்.

கொடுக்கும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். அப்புறம், ஜாப் ஷீட் (லேப்டாப்பை வாங்கிக்கொண்டதற்கு சர்வீஸ் சென்டர் தரும் சீட்டு) வாங்காமல் வெளியே வராதீர்கள், அதில் சீரியல் நம்பரும் கோளாறும் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து, அந்த ஜாப் ஷீட் நம்பரோடு புகார் கொடுங்கள்.